சாந்துச் சட்டியும் ஆமக்குட்டியும்

“பெரியம்மா, கதை.”

சொல்றேன் குழலி. மொதல்ல கால நீட்டிப் படு. போர்வைய இழுத்துக்கோ. ஆங், இப்பக் கேளு.

ஒரு ஊர்ல, பெரிய ஊரும் இல்ல, சின்ன ஊரும் இல்ல, நூத்திப் பதினாறு வீடு உள்ள ஊரு, அந்த ஊர்ல ஒரு தொட்டிக்காரி இருந்தா. பேரு ஒச்சம்மா. மாட்டுத் தொட்டி, குளிக்கிற தொட்டி, குடிதண்ணித் தொட்டி, எந்தத் தொட்டியா இருந்தாலும் அவதான் கட்டணும். அது வரைக்கும் அவ கட்டுனது மொத்தம் நாப்பத்தி மூணு. அந்த நாப்பத்தி மூணுல ஒண்ணுகூட ஒழுகுனதில்ல. ஒரு சொட்டுகூட.

“ம்.”

அவ வீட்டுக்காரன் பேரு சடையாண்டி. ஒச்சம்மா கட்டுவா, சடையாண்டி சாந்து குழைப்பான். சளப் சளப்னு மண்வெட்டியால குழைச்சு, இரும்புச் சட்டியில அள்ளித் தலையில தூக்கிட்டு வருவான். ஆனா பூசுற கரண்டிய மட்டும் அவன் கையில ஒச்சம்மா குடுக்கவே மாட்டா. ஏன்னா அவன் பூசுனா எல்லாம் கோணல். ஒரு தடவை சமையக்கட்டுல திட்டு பூசுனான். அதுல முட்டைய வச்சா, அது பாட்டுக்கு உருண்டு வந்து, பொளக்!

“உடைஞ்சிருச்சா?”

ரெண்டு உடைஞ்சுது. மூணாவத ஒச்சம்மா பிடிச்சிட்டா.

அப்புறம், ஒரு கோடையில ரெண்டு பேரும் மணல் எடுக்க வாய்க்காலுக்குப் போனாங்க. வாய்க்கால்ல தண்ணி இல்ல. ஒச்சம்மா மண்வெட்டியப் போட்டு வெட்டுனா. சரக். சரக். மூணாவது வெட்டுல, டக்!

“ஏங்க, இங்க வந்து பாருங்க. கல்லுக்குக் கால் மொளைச்சிருக்கு.”

சடையாண்டி குனிஞ்சு பாத்தான். “கல்லு இல்ல புள்ள, ஆமக்குட்டி. பாதி ஆமவடை அளவுதான் இருக்கு.”

“தின்றதுலயே இருங்க. ஓட்டு ஓரத்தப் பாருங்க. என் மண்வெட்டி பட்டுருச்சு.”

ஆமாம். ஓட்டு ஓரத்துல, உன் சுண்டு விரல் நகம் இருக்குல்ல, அந்த அகலத்துக்கு ஒரு வெட்டு. அதுல ஒரு பொட்டு ரத்தம். ஒச்சம்மா நிமிந்து பாத்தா. கரையில கொக்கு நிக்குது. எண்ணிப் பாத்தா நாலு கொக்கு. நாலும் ஆமக்குட்டியத்தான் பாக்குது.

“இங்க விட்டுட்டுப் போனா பொழைக்காது. வெட்டுனது நானு. காயம் ஆறுற வரைக்கும் நான்தான் பாக்கணும்” அப்படின்னா ஒச்சம்மா.

“எதுல வச்சுப் பாப்ப?”

“இது ஒரு கேள்வியா? ஊருக்கெல்லாம் தொட்டி கட்டுறேன். இதுக்கு ஒண்ணு கட்ட மாட்டேனா?”

சொல்லிட்டு, அத முந்தானையில பொதிஞ்சு வீட்டுக்குக் கொண்டு வந்தா. தொட்டி கட்டி முடிக்கிற வரைக்கும் எங்க விடுறது? சாந்துச் சட்டி ஒண்ணு பழசு கெடந்துச்சு. ஒரு பக்கம் நசுங்கிப்போச்சுன்னு ஒதுக்கிப் போட்ட சட்டி. உள்ள ஒரு அரைச் செங்கல் சாஞ்ச வாக்குல சிக்கிக் கெடந்துச்சு. சடையாண்டி சட்டியக் கழுவுனான், ஆனா செங்கல எடுக்கல. அப்படியே ரெண்டு செம்பு தண்ணிய ஊத்தி, ஆமக்குட்டிய விட்டு, வாசல்ல வச்சான்.

“அந்தக் கல்ல எடுத்துப் போடுங்கன்னு எத்தன நாளாச் சொல்றேன்?”

“பதினேழு நாளா.”

“எண்ணத் தெரியுது, எடுக்கத் தெரியல!”

மறுநாளு ஒரு மண்புழுவக் கிள்ளிச் சட்டியில போட்டா. ஆமக்குட்டி கழுத்த நீட்டுச்சு, பாத்துச்சு, லபக்!

“ம்... புழுவா?”

புழுதான். நீ மொகத்தச் சுளிக்காத. அதுக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் ஒச்சம்மா தொட்டி கட்ட ஆரம்பிச்சா. எங்க கட்டுனா தெரியுமா? வீட்டுக்கு வடக்கால, தாவாரத்துக்குக் கீழ. அங்கதான் வெயில் எட்டிப் பாக்காது. தண்ணி சில்லுனு இருக்கும், பாசி பிடிக்காது. நாலு முழம் நீளம், ரெண்டு முழம் அகலம், ஒண்ணரை முழம் ஆழம். நூல்ல குண்டு கட்டித் தொங்கவிட்டுச் செவரு நேரா நிக்குதான்னு நாலு பக்கமும் பாத்தா. மட்டம் வச்சுப் பாத்தா. கடைசியா சிமெண்ட்ட பால் மாதிரி கரைச்சுப் பூசி, வழவழன்னு ஆக்குனா. குனிஞ்சு பாத்தா மொகம் தெரிஞ்சுச்சு.

பக்கத்து வீட்டு ராக்காயி வந்து எட்டிப் பாத்தா. “என்ன மதினி, இது ஆமைக்குத் தொட்டியா, இல்ல அது கல்யாணத்துக்கு மண்டபமா?”

“வேலைன்னா வேலை மாதிரி இருக்கணும் ராக்காயி” அப்படின்னா ஒச்சம்மா.

புதுத் தொட்டி எறுகுறதுக்கு ஏழு நாளு தண்ணி கட்டி வைக்கணும். வச்சா. எட்டாம் நாளு அந்தத் தண்ணிய எறைச்சுட்டு, நல்ல தண்ணி ஊத்தி, ஆமக்குட்டிய விட்டா. சளக்!

அது என்ன பண்ணுச்சு?

“என்ன பண்ணுச்சு?”

கண்ண மூடிக்கிச்சு. இறுக்கி மூடிக்கிச்சு. சாயங்காலம் பாத்தா ரெண்டு இமையும் வீங்கிப்போச்சு. புழு போட்டா, வாயத் தெறக்கல. காலைல பாத்தா, சாயந்தரம் போட்ட புழு அப்படியே கெடக்கு.

ஒச்சம்மாவுக்குப் பக்குனு ஆயிருச்சு. எடுத்து மறுபடி அந்த நசுங்குன சட்டியிலயே விட்டா. ரெண்டு நாளு கழிச்சு ஆமக்குட்டி கண்ணத் தெறந்துச்சு. புழுவப் பாத்துச்சு. லபக்!

“இது என்னங்க கூத்து? ஓட்டச் சட்டியில நல்லா இருக்கு, என் தொட்டியில வாடுது. ஏன்?”

“சட்டி ஓட்டை இல்ல புள்ள, நசுங்கல்தான்.”

“இப்ப அதுவா முக்கியம்?”

ஒச்சம்மா தொட்டித் தண்ணிய ஒரு விரல்ல தொட்டு நாக்குல வச்சா. சுரீர்! வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சுன்னா நாக்கு பொத்துக்கும்ல, அந்த மாதிரி. அப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சுச்சு. புதுச் சிமெண்ட்டு தண்ணியில காரத்த எறக்குது. நம்ம கைக்கே எரியும், அது பிஞ்சுக் கண்ணு என்ன ஆகும்?

அப்புறம் மூணு நாளைக்கு ஒரு தடவை தொட்டித் தண்ணிய எறைச்சா, புதுசா ஊத்துனா. எறைச்சா, ஊத்துனா. மொத்தம் ஏழு தடவை. மூவேழு இருவத்தியோரு நாளு. ஒவ்வொரு தடவையும் நாக்குல வச்சுப் பாத்தா. ஏழாவது தடவை தண்ணி தண்ணியா இருந்துச்சு.

“ம்.”

அப்போ ரெண்டாவது தடவையா ஆமக்குட்டியத் தொட்டியில விட்டா. சளக்! கண்ணு மூடல. நல்லா நீந்துச்சு. ஒச்சம்மாவுக்கு ஒரே சந்தோசம். ஆனா கொஞ்ச நேரத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு. சரக், சரக், சரக்.

என்னடான்னு போய்ப் பாத்தா, ஆமக்குட்டி செவத்தப் பிறாண்டிட்டு நிக்குது. இந்த மூலைக்குப் போயி சரக் சரக். அந்த மூலைக்குப் போயி சரக் சரக். ஒச்சம்மா உள்ளங்கையால நாலு செவத்தையும் தடவிப் பாத்தா. ஒரு எடத்துல, ஒரே எடத்துல, அரிசி மணி அளவுக்கு ஒரு சொரசொரப்பு.

“இதுதாங்க அத உறுத்துது!”

தேய்க்கிற கல்ல எடுத்து அந்த எடத்தையும் வழவழன்னு ஆக்கிட்டா. ஆமை விசாலமா நீந்தட்டும்னு, விளிம்புக்கு ஒரு சாண் கொறையத் தண்ணிய ரொப்பி விட்டா.

அவ்வளவுதான். முந்தியாவது அந்த அரிசி மணியில நகம் கொஞ்சம் பிடிச்சுச்சு. இப்ப அதுவும் இல்ல. சரக், சரக், பொளக்! சரக், சரக், பொளக்! ஒரு ஒலை சோறு வேகுற நேரத்துக்குள்ள எழுபத்திரெண்டு தடவை பிறாண்டுச்சு. ஒச்சம்மா எண்ணிட்டா. பொழுது சாயுற நேரத்துல கையும் காலும் தொங்கிப்போயி, மூக்க மட்டும் மேல வச்சு மெதந்துச்சு.

“ஐயோ பாவம்.”

ஒச்சம்மாவும் அதத்தான் சொன்னா. எடுத்து மறுபடி அந்தச் சட்டியில விட்டா. மறுநாளு காலைல, லபக்!

அப்போ சடையாண்டி தலையச் சொறிஞ்சுட்டுச் சொன்னான். “எனக்கென்னமோ அது எதையோ பாத்துப் பயப்படுதுன்னு தோணுது. கொக்கு ஞாபகமா இருக்கும்.”

ஒச்சம்மாவுக்கு அது சரின்னு பட்டுச்சு. நல்ல தொட்டிக்கு மூடி இருக்கணும்ல? நாலு பலகைய அறுத்து, இடுக்கு இல்லாம சேத்து, ஒரு மூடி செஞ்சா. ஆமக்குட்டிய விட்டா, மூடிய வச்சா. மூணாவது தடவை.

காதக் குடுத்துக் கேட்டா. சத்தமே இல்ல.

“பாத்தீங்களா? நிம்மதியா இருக்கு.”

காலைல மூடியக் கொஞ்சமா நகத்திப் புழுவப் போடுவா, உடனே மூடிருவா. வெளிச்சம் பட்டா பயந்துக்கும்னு உள்ள பாக்குறதுகூட இல்ல. ஒரு நாளு, ரெண்டு நாளு, மூணு நாளு. நாலாம் நாளு மனசு கேக்காம முழுசாத் தெறந்து பாத்தா...

“ம்?”

போட்ட மூணு புழுவும் அப்படியே கெடக்கு. ஆமக்குட்டி ஒரு மூலையில ஒடுங்கி அசையாம கெடக்கு. எடுத்தா, ஐஸ் மாதிரி சில்லுனு இருக்கு. காலு நாலும் தொளதொளன்னு தொங்குது. காயத்துமேல வெள்ளையா, பஞ்சு மாதிரி பூத்துப்போயி இருக்கு.

“செத்துருச்சா பெரியம்மா?”

அவளும் அப்படித்தான் நெனைச்சா. உள்ளங்கையில வச்சுக்கிட்டு மூச்ச அடக்கிட்டு எண்ணுனா. ஒண்ணு, ரெண்டு, மூணு... எட்டு... ஒம்போது... பன்னெண்டாவது எண்ணுறப்ப, மூக்குல ஒரு சின்னக் குமிழி வந்துச்சு. ப்புஸ்!

“அப்பாடா.”

அப்பாடா. ஓடிப்போயி சட்டியில விட்டா. அப்புறம் வாசல்லயே உக்காந்துட்டா. “நாப்பத்தி மூணு தொட்டி கட்டுனவ. இந்தப் பாதி ஆமவடைக்கு ஒரு தொட்டி கட்டத் தெரியலையேங்க” அப்படின்னு அழுதா. இந்தத் தடவை அது பொழைக்குமான்னே தெரியல. காயம் முந்திய விட மோசமா இருக்கு.

சடையாண்டி பக்கத்துல வந்து உக்காந்தான். “எனக்கென்ன புள்ள தெரியும்? ஆமையத்தான் கேக்கணும்” அப்படின்னான்.

அவன் சும்மாதான் சொன்னான். ஆனா ஒச்சம்மா கண்ணத் தொடைச்சுட்டு நிமிந்து பாத்தா. “ஆமாங்க. நான் ஆமைய ஒரு நாளாவது பாத்தேனா? தொட்டியத்தான் பாத்தேன்.”

மறுநாளு அவ வேலைக்குப் போகல. விடிஞ்சதும் சட்டிக்குப் பக்கத்துல மணையப் போட்டு உக்காந்துட்டா. மடியில ஒரு கை நெறயக் கூழாங்கல்லு. எண்ணுறதுக்கு.

வெயில் வந்துச்சு. மொதல்ல ஆமக்குட்டி அசையல. அப்புறம் ஒரு கால அசைச்சுச்சு. அப்புறம் மெல்ல, மெல்ல, அந்த அரைச் செங்கல் இருக்குல்ல, சாஞ்சு கெடந்த செங்கல், அதுல நகத்தப் போட்டுச்சு. செங்கல் சொரசொரன்னு இருந்துச்சா, நகம் பிடிச்சுக்கிச்சு. தக்... தக்... தக்... ஏறிருச்சு! முழு ஒடம்பும் தண்ணிய விட்டு வெளிய வந்துருச்சு. ஒச்சம்மா ஒரு கல்ல எடுத்துக் கீழ வச்சா.

வெயில்ல கழுத்த நீட்டுச்சு. பின்னங்கால் ரெண்டையும் பின்னால நீட்டுச்சு. வெரல விரிச்சுச்சு. ஓட்டுல இருந்த ஈரம் காஞ்சுச்சு. காயத்துல இருந்த ஈரமும் காஞ்சுச்சு. சூடு போதும்னு தோணுனதும், சளக்குனு தண்ணியில எறங்கிச் செங்கல் நிழல்ல ஒதுங்கிக்கிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தக் தக் தக். ஒச்சம்மா இன்னொரு கல்ல வச்சா.

சாயங்காலம் கல்ல எண்ணுனா. பதினொண்ணு. பதினோரு தடவை ஏறியிருக்கு, பதினோரு தடவை எறங்கியிருக்கு. வெயில் காயுறதுக்கு முன்னாடி புழு போட்டா திரும்பிப் பாக்கல. காஞ்ச பெறகு போட்டா?

“லபக்.”

லபக்! ஆனா ஒண்ணு, மத்தியானம் சட்டியத் தொட்டா அடுப்பு மாதிரி கொதிச்சுச்சு. பச்சத் தண்ணி ஊத்தி ஊத்தி ஆத்துனா. காக்கா வேற ரெண்டு தடவை வந்து விளிம்புல உக்காந்துச்சு. சூ, சூன்னு வெரட்டுனா. ஒரு நாளு வெரட்டலாம். தெனமும் யாரு உக்காருறது? தண்ணியும் ஒரே நாள்ல கலங்கிப்போச்சு. இந்தச் சட்டி ரொம்ப நாளைக்கு ஆகாது.

அப்போ அவ எழுந்து போயி வடக்கால இருந்த தன்னோட தொட்டியப் பாத்தா. ஏறி வர ஒரு எடம் இல்ல. ஒரு பொட்டு வெயில் இல்ல. கைய விட்டுப் பாத்தா, கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுங்குது.

“ஏங்க, நான் தண்ணி இருக்கத்தான் தொட்டி கட்டியிருக்கேன். ஆமை இருக்கக் கட்டல.”

“அப்ப இத என்ன பண்ண?”

“நீங்க குளிங்க. நாலு நாளாச்சு.”

“மூணு நாளுதான்!”

“ம்... அப்புறம்?”

அப்புறம் வீட்டுக்குக் கிழக்கால, முருங்கை மரத்துப் பக்கத்துல, புதுசா ஒரு தொட்டி. காலை வெயில் நேரா விழும். உச்சி வெயிலுக்கு மரத்து நிழல் பாதித் தொட்டிய மூடும். ஒச்சம்மா ரெண்டு நாளு அங்க நின்னு, நிழல் எங்க எங்க போகுதுன்னு கரிக்கட்டியால கோடு போட்டு வச்சுக்கிட்டா. அடியில தண்ணி விட ஒரு ஓட்டை, அதுக்கு ஒரு கட்டை. கலங்குனா புடுங்கி விட்டு மாத்திக்கலாம். செவரெல்லாம் கட்டியாச்சு. இனி அந்தச் சரிவு மட்டும்தான். தண்ணிக்குள்ள இருந்து மேல ஏறி வர ஒரு சாஞ்ச கரை.

ஒச்சம்மா கரண்டிய எடுத்துச் சரிவப் பூசுனா. பூசி முடிச்சுப் பாத்தா, வழவழன்னு மொகம் தெரியுது! கைப்பழக்கம், என்ன பண்ண? சொரண்டி எடுத்துட்டு மறுபடி பூசுனா. மறுபடியும் வழவழ. மூணாவது தடவையும் பூசுனா. கை அது பாட்டுக்குத் தடவித் தடவி மட்டம் பண்ணிருச்சு. ஒரு உருண்டைக் கல்ல மேல வச்சா, சர்ர்ர்ருனு வழுக்கிக் கீழ வந்துச்சு.

ஒச்சம்மா அதையும் சொரண்டி எடுத்தா. அப்புறம் கரண்டிய நீட்டுனா. “இந்தாங்க.”

சடையாண்டி திரும்பிப் பின்னால பாத்தான். பின்னால யாரும் இல்ல. “யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கா? எப்படிப் பூசணும்?”

“எப்பவும் பூசுற மாதிரி பூசுங்க.”

சடையாண்டி கரண்டிய வாங்கிக்கிட்டான். சாந்த அள்ளி அப்புனான். சொத்! ஒரு எடத்துல மேடு, ஒரு எடத்துல பள்ளம். சொத்! ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். ஒச்சம்மாவால பாக்க முடியல, கைய மடியில இறுக்கி வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

“ஏன் புள்ள, வேணும்னா நான் நேரா...”

“வேணாம்! நேராக்கிராதீங்க!”

முடிஞ்சுச்சு. ஏழு நாளு எறுக விட்டாங்க. அப்புறம் மறுபடி இருவத்தியோரு நாளு தண்ணி மாத்துனா, ஏழு தடவை. நாக்குல வச்சுப் பாத்தா. அது வரைக்கும் ஆமக்குட்டி சட்டியிலதான். தெனமும் ரெண்டு தடவை தண்ணி மாத்தி, உச்சியில நிழலுக்கு நகத்தி, காக்கா வெரட்டி, ஒரு நாளு தவறாம ஒச்சம்மா பாத்தா. புதுத் தொட்டிக்கு மூடி வேணும்ல? மணல் சலிக்கிற கம்பிச் சல்லடைய எடுத்து மேல வச்சா. வெயில் உள்ள போகும், காக்கா போகாது.

“அப்ப மணல எதுல சலிக்கிறதாம்?” அப்படின்னான் சடையாண்டி.

“ராக்காயி வீட்டுல கேட்டு வாங்கிட்டு வாங்க.”

அப்புறம் ஒரு நாளு காலைல, தொட்டியில பாதிக்குத்தான் தண்ணி ஊத்துனா. ஆமக்குட்டியக் கொண்டு வந்து விட்டா. சளக்! குடுத்த சல்லடையத் திருப்பி வாங்க வந்த ராக்காயியும் நின்னுட்டா. மூணு பேரும் குனிஞ்சுக்கிட்டுப் பாக்குறாங்க.

“ம்...”

ஒரு சுத்து நீந்துச்சு. இந்த மூலைக்குப் போச்சு. ஒச்சம்மா மூச்ச அடக்கிட்டா. பிறாண்டல. அந்த மூலைக்குப் போச்சு. பிறாண்டல. அப்புறம் அந்தச் சரிவுகிட்ட வந்துச்சு. ஒரு கையத் தூக்கி வச்சுச்சு. நகம் ஒரு பள்ளத்துல பிடிச்சுக்கிச்சு. இன்னொரு கைய வச்சுச்சு. அது ஒரு மேட்டுல பிடிச்சுக்கிச்சு. தக்... தக்... பாதியில நின்னுச்சு.

ஒச்சம்மா ‘ஏறு சாமி’ன்னு வாய்க்குள்ளயே சொன்னா.

தக்... தக்... ஏறிருச்சு.

வெயில்ல கழுத்த நீட்டுச்சு. பின்னங்கால நீட்டுச்சு. வெரல விரிச்சுச்சு. ஓட்டு ஓரத்துல ஒச்சம்மா கண்ணு போச்சு. அந்த வெள்ளப் பஞ்சு இல்ல. வெட்டுப் பட்ட எடம் காஞ்சு, கருத்து, கெட்டியா மூடியிருந்துச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு அது சறுக்கிக்கிட்டே தண்ணியில எறங்கி, ஒச்சம்மா போட்ட புழுவ...

“...”

லபக்.

ராக்காயி சரிவ உத்துப் பாத்துட்டுக் கேட்டா. “என்ன மதினி, ஒரே கோணலா இருக்கு? யாரு பூசுனது?”

சடையாண்டி தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஒச்சம்மா தொட்டியில இருந்து கண்ண எடுக்கல.

“எங்க வீட்டுக்காரர்தான். இந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் கோணலாப் பூசியிருக்கலாம். சத்தம் போடாத ராக்காயி, அது மறுபடி ஏறுது.”

தக்... தக்... தக்...

குழலி?

கதை கரையேறியாச்சு. கண்ணு மூடியாச்சு. தூங்கு.